ஒரு பெட்டி சுருட்டு, ஒரு லைட்டர்

மும்பை சஹார் விமான நிலையத்தில் துபாய் விமானத்துக்கு நிற்கும் வரிசையில் தாராவி முகம் ஒன்றாவது இருக்கும். பாதுகாப்புச் சோதனையில் பர்ஸ், பெல்ட், கைக்கடிகாரம் எல்லாம் தட்டில் விழுகின்றன. கடைசியில் சட்டைப் பையிலிருந்து லைட்டர். காவலர் அதை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடுகிறார். "பத்து ரூபாய் சாமான், போனால் போகிறது" என்று நகர்ந்துவிடுகிறார் பயணி. ஆனால் அதே மனிதர் ஊர் திரும்பும்போது நண்பருக்கென்று வாங்கிய விலையுயர்ந்த லைட்டர் பறிபோனால், அப்படி நகர மனம் வராது.

ஒரு காலத்தில் இதே லைட்டர் பம்பாயில் அந்தஸ்தின் அடையாளம். ஃபாரின் சிகரெட், ஃபாரின் வாட்ச், ஃபாரின் லைட்டர் மூன்றும் சேர்ந்தால்தான் மைனர். ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹாஜி மஸ்தான், 1970களில் நாடறிந்த கடத்தல்காரர் ஆனதற்கு இந்த வெளிநாட்டு மோகமும் ஒரு காரணம். 1991க்குப் பிறகு சந்தை திறந்தது, மோகம் தணிந்தது. விதிகள் மட்டும் வேறு திசையில் இறுகின.

லைட்டர் விஷயத்தில் இந்தியாவின் விதி எளிமையானது: கூடாது. கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டிக்கும் அதே கதி. பல வெளிநாடுகளில் ஒரு சாதாரண லைட்டரை உடலோடு, அதாவது சட்டைப் பையில், வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பெட்டிக்குள் வைப்பதற்கு அங்கும் பொதுவாகத் தடைதான். காரணம் புரியாததல்ல. சட்டைப் பையில் தீப்பிடித்தால் உடனே தெரியும். சரக்கு அறையில் துணிமணிகளுக்கு நடுவே வாயுவோ பெட்ரோலோ கசிந்தால் பார்க்க ஆள் இல்லை. சுருட்டுக்காரர்கள் விரும்பும், நீல ஜுவாலை சீறும் 'ஜெட்' லைட்டரை அமெரிக்கா விமானத்துக்குள்ளேயே விடுவதில்லை. 2001 டிசம்பரில் ரிச்சர்டு ரீட் தன் ஷூவிலிருந்த வெடிகுண்டுக்குத் தீக்குச்சியால் தீவைக்க முயன்ற பிறகு வந்த கெடுபிடிகளில் ஒன்றாக, 2005இல் எல்லா லைட்டர்களுக்கும் அங்கே தடை வந்தது. 2007இல் சாதாரண லைட்டருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

ஏமாறுவது பெரும்பாலும் மும்பையில் விமானம் மாறுகிறவர்கள்தான். வளைகுடாவில் ஏறும்போது சட்டைப் பையில் அனுமதித்த லைட்டர், மும்பையில் இறங்கி மதுரைக்கோ சென்னைக்கோ மாறும்போது மறுபடி சோதனைக்கு வருகிறது. அங்கே தொட்டி காத்திருக்கிறது.

சுருட்டின் கதை வேறு. ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே தமிழின் சுருட்டிலிருந்து போனதுதான். ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். உறையூர் சுருட்டு உலகம் சுற்றிய காலம் அது. இன்று செம்பூர் தாத்தாவுக்கு வெளிநாட்டிலிருந்து பேரன் ஹவானா சுருட்டு வாங்கி வருகிறான்.

எத்தனை கொண்டுவரலாம்? 2014 வரை வரியில்லாமல் 200 சிகரெட் அல்லது 50 சுருட்டு அல்லது 250 கிராம் புகையிலை என்று இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அது பாதியானது. 2016 பயண உடைமை விதிகளும் அதையே வைத்தன: 100 சிகரெட், 25 சுருட்டு, 125 கிராம் புகையிலை. இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கும் 'அல்லது' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்றில் ஒன்றுதான், மூன்றும் அல்ல. மனைவியின் பங்கையும் சேர்த்து ஒருவரே கணக்குக் காட்டவும் வழியில்லை. ஹவானா சுருட்டுகளில் பல 25 கொண்ட மரப்பெட்டியில் வருவதால், ஒரு பெட்டியோடு கணக்கு முடிந்துவிடும். மிஞ்சினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுவதே மரியாதை. பச்சை வழியில் நழுவிப் பிடிபட்டால் சரக்கும் போகும், அபராதமும் வரும்.

மின்சிகரெட்டுக்கு இந்த அளவுச் சலுகைகூடக் கிடையாது. 2019இல் இந்தியா அதை அடியோடு தடை செய்தது. இறக்குமதி செய்தால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடச் சேரலாம்.

மாட்டுங்காவிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே சிகரெட்டுக்கோ சுருட்டுக்கோ வரிவிலக்கு அறவே இல்லை. ஒன்றிரண்டு என்றாலும் அறிவிக்க வேண்டும். மெல்லும் புகையிலைக்குத் தடை. துப்பாக்கி வடிவ லைட்டர்கூடத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பேரனுக்கு விளையாட்டாக வாங்கினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இவையெல்லாம் காசோடு போகிற நஷ்டம். வாழ்க்கையோடு போகிற நஷ்டம் ஒன்று உண்டு. "அங்கே என் மச்சான் வந்து வாங்கிக்கொள்வான்" என்று புறப்படும் நேரத்தில் ஒருவர் நீட்டும் பார்சல். கூலிக்குச் சாமான் சுமக்கிறவர்களைக் 'குருவி' என்பார்கள். கூலியே வாங்காமல் குருவியாகிறவர்கள்தான் பாவம். சுருட்டுப் பெட்டி என்று கொடுத்ததன் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவே ஐக்கிய அரபு எமிரேட்டில் தடை செய்யப்பட்ட பொருள். கடன் வாங்கி விசா எடுத்துப் போகிறவன், பிரித்துப் பார்க்காத ஒரு பொட்டலத்துக்காகச் சிறையில் உட்கார்ந்தால், "பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொடுத்தார்" என்ற பதில் அவனைக் காப்பாற்றாது. பிரித்துக் காட்டச் சம்மதிக்காதவரின் பார்சலை மறுப்பதில் பகை வந்தால் வரட்டும்.

லைட்டருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தாராவித் தமிழர் பலருக்குச் சொந்த ஊர் தெற்கே. அங்கே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலை நம்பி, பெரும்பாலும் பெண்கள், பிழைக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் லைட்டர்கள் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகச் சொல்லி, அவற்றைத் தடை செய்யும்படி 2022இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசை வலியுறுத்தினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது.

ஆகவே ஊருக்குப் போகிறவர் லைட்டரை மறந்துவிட்டுப் போவதே நல்லது. இறங்கியதும் பெட்டிக்கடையில் தீப்பெட்டி கிடைக்கும். அதை அடுக்கியது சொந்தக்காரப் பெண்ணின் கையாகவும் இருக்கலாம்.