நாள் குறியாத உழைப்பு நாடு சேராது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது உழவன் மொழி. விதை நல்லது, நிலம் நல்லது, ஏரும் எருதும் உள. ஆயினும் பட்டம் தப்பினால் விளைச்சல் இல்லை. ஏர் பிடித்தவன் அறிந்திருந்த இவ்வுண்மையைக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நெடுங்காலம் அறிந்தாரில்லை. 'அணியமாகும்போது வெளிவரும்' என்பதே கட்டற்ற மென்பொருள் ஆக்குவோர் பலரின் கொள்கையாய் இருந்தது. கேட்பதற்கு இனிய கொள்கைதான்! குறையோடு விரைந்து கொடுப்பதினும் நிறைவோடு காலந்தாழ்ந்து கொடுப்பது மேல் என்றே எவர்க்கும் தோன்றும். ஆனால், விளைந்தது என்ன?

தெபியன் என்னும் இயங்குதளத்தின் 3.0 பதிப்பு 2002 சூலையில் வெளிவந்தது. அடுத்த 3.1 பதிப்போ 2005 சூனில்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! அக்காத்திருப்பின் நடுவே, 2004 அக்தோபரில், அதே தெபியனை அடித்தளமாய்க் கொண்டு, ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பு என்னும் உறுதியோடு உபுண்டு பிறந்தது; மக்கள் பெருந்திரளாய் அதன்பாற் சென்றனர். உழைத்தவர் ஒருவர், நாள் குறித்து ஊர்க்கு அளித்தவர் மற்றொருவர்.

லினக்சுக் கருவகத்தின் கதையும் அன்னதே. 2.4 பதிப்பு 2001 சனவரியிலும், 2.6 பதிப்பு 2003 திசம்பரிலும் வெளிவந்தன. காத்திருக்க இயலாத வழங்குநர்கள் முற்றாத புதுக்கூறுகளைப் பிய்த்தெடுத்துத் தத்தம் பழம்பதிப்பில் ஒட்டவைத்தனர். ஒரே கருவகம் கடைதோறும் வேறுவேறு உருக்கொண்டு நின்றது.

இதன் கரணியம் நுட்பமானதன்று. வெளியீட்டு நாள் தெரியாதபோது, ஒவ்வொருவனும் தன் பகுதியை இப்பதிப்பிலேயே திணிக்க முனைவான். இதை விட்டால் அடுத்தது எக்காலமோ என்னும் அச்சமே அவனை உந்துவது. திணித்தது பிழையைக் கொணரும். பிழை நாளைத் தள்ளும். தள்ளிய நாள் மேலும் திணிப்பை அழைக்கும். நாள் உறுதியானால் இச்சுழல் அறுந்துபோம். ஆறு திங்களில் அடுத்த வாய்ப்பு உண்டென அறிந்தவன், முற்றாத தன் பணியோடு அமைந்து ஒதுங்கி நிற்பான். பட்டறிந்து திருந்திய லினக்சுக் கருவகம் இன்று புதுக்கூறுகளுக்கு இரு கிழமை வாயில் திறக்கிறது. பின் வாயிலை அடைத்துப் பிழை களைகிறது. ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒருமுறை பதிப்பு வெளிவருகிறது. கூலி பெறாத் தொண்டர்க்கு ஆணையிடுவார் எவருமிலர். நாள் ஒன்றே அவரை ஓரிடத்திற் கூட்டுவது.

'நாளுக்கு அடிமைப்பட்டு அரைகுறையை வெளியிடுவதா?' என்று வினவுவார் உளர். அன்று! நாள் நிற்க, முற்றாத கூறே விலக வேண்டும் என்பதே இம்முறை. அதிலும் அறிவொடு கூடிய விலக்கு உண்டு. 2006 ஏப்பிரலில் வரவேண்டிய உபுண்டுப் பதிப்பு, நெடுங்காலத் துணைக்குரிய பதிப்பாகலின், முன்கூட்டியே அறிவித்து ஆறு கிழமை தள்ளப்பட்டு, சூனில் 6.06 என்னும் எண்ணோடு வந்தது. மறைத்துத் தள்ளுவது சோம்பல். அறிவித்துத் தள்ளுவது பொறுப்பு. தெபியனாரும் 2009-இல் உறைநிலைக்கு நாள் குறிக்கும் முறையை அறிவித்தனர். அண்மைப் பதிப்புகள் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒன்றாய் வருகின்றன: 2019, 2021, 2023, 2025.

இனி, இது தமிழர்க்கு எவ்வாறு உரியது? இங்குதான் உறைக்க வேண்டிய உண்மை உள்ளது.

குனோம் என்னும் திரைச்சூழல் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செபுதம்பரிலும், வெளிவருகிறது. வெளியீட்டிற்குச் சில கிழமை முன்னர்த் திரையில் தோன்றும் சொற்றொடர்கள் உறைய வைக்கப்படுகின்றன. அதன்பின் ஓர் ஆங்கிலத் தொடரை மாற்ற விரும்பும் நிரலன் மொழிபெயர்ப்பாளரின் இசைவைப் பெறல் வேண்டும். எண்ணிப் பார்க்க! ஆங்கிலத்தில் எழுதுவோன் பிறமொழியாளரிடம் இசைவு கேட்டு நிற்கும் நாள்கள் அவை. அந்நாள்கள் மொழிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நூற்றுக்கு எண்பது தொடரேனும் பெயர்க்கப்பட்ட மொழிகளே அதன் வெளியீட்டுக் குறிப்புகளில் துணைபெற்ற மொழிகளாய் எண்ணப்பட்டு வந்தன. எண்பதைத் தொடாத மொழியை எவரும் பகைத்து விலக்கவில்லை. அது நாளுக்குள் வந்து சேரவில்லை, அவ்வளவே.

விலைக்கு விற்கும் மென்பொருளில் தமிழ் வேண்டுமாயின், குழுமத்தார் வாயிலில் கையேந்தி நிற்க வேண்டும். கட்டற்ற மென்பொருளிலோ வாயில் திறந்தே கிடக்கிறது, காவலன் இல்லை, கட்டணம் இல்லை, நாள் ஒன்றே உண்டு. அந்நாளைத் தவறவிட்டுவிட்டு, 'திரையில் ஆங்கிலம் கலந்து நிற்கிறதே, தமிழ் புறக்கணிக்கப்படுகிறதே' என்று மேடையேறி முழங்குவதில் என்ன மானம் உண்டு? புறக்கணித்தவன் எவன்? அயலானா? உறையும் நாள் எதுவென்றே கேட்டறியாத தமிழன் அல்லனோ!

மற்றொரு கேடும் உண்டு. வலையிலிருந்து கோப்பை இறக்குவதைப் பதிவிறக்கம் என்பார் ஒருசாரார். தரவிறக்கம் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு வேண்டுவதே. சொல்லாய்வு இன்றி மொழிவளம் இல்லை. ஆனால், அவ்வழக்கை உறைநிலை நாள்களில் தொடங்குவோர், தூய சொல்லுக்காகப் போராடுவதாய் எண்ணிக்கொண்டு ஆங்கிலச் சொல்லுக்கே அரியணை தருகின்றனர். இரண்டு தமிழ்ச்சொற்கள் மல்லுக்கு நிற்க, பெயர்க்கப்படாத தொடரில் அயற்சொல் இனிதே அமர்ந்து கொள்கிறது. ஆய்வுக்கு ஓர் பருவம். ஆக்கத்திற்கு ஓர் பருவம். பதிப்பு வெளிவந்த மறுநாளே சொற்பட்டியல் ஆய்வைத் தொடங்குக. உறைநிலைக்கு முன் அதனை முடித்துக் கையொப்பமிடுக. உறைந்தபின் பெயர்ப்பும் திருத்தமும் அன்றி வேறொன்றும் செய்யற்க. தோற்ற சொல்லுக்கு அடுத்த ஆறு திங்களில் மீண்டும் வழக்காட வாய்ப்புண்டு.

தமிழ்ப்பற்று நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. நாட்காட்டியிலும் இருத்தல் வேண்டும். தமிழ் மன்றந்தோறும் சுவரில் இரு நாள்கள் எழுதப்படுக: தொடர் உறையும் நாள், பதிப்பு வெளிவரும் நாள். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில கிழமையே தமிழின் பட்டம். விதைப்போர் விதைக்க! விதையாதார் விளைச்சலைப் பற்றிப் பேசற்க!