சபை வளர்கிறது, கணக்கை யார் கேட்பது?

ஈப்போ வட்டாரத்தில் ஒரு தமிழ்ச் சபை பெருகினால், "பாஸ்டர் வந்த பிறகுதான் இவ்வளவு கூட்டம்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுவதும், சாவு வீட்டில் கடைசிவரை நிற்பதும் அவர்தான். அதற்காகச் சபையின் எல்லா முடிவுகளையும் அவரிடமே விட்டுவிடலாமா? பாப்டிஸ்ட் சபைகளுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அவசரமானது.

மெதடிஸ்ட் திருச்சபையில் மாநாட்டுத் தலைமை போதகரை நியமிக்கும், மாற்றும். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் இருக்கிறார். பாப்டிஸ்ட் சபையிலோ போதகரை அழைப்பதும் அனுப்புவதும் உறுப்பினர்களின் ஓட்டு. பல சபைகள் சேர்ந்த கன்வென்ஷன், ஒரு சபையுடன் உறவை முறித்துக்கொள்ளலாம்; அதன் போதகரை நீக்க முடியாது.

அமெரிக்காவில் இது அண்மையில் வெளிச்சத்துக்கு வந்தது. ரிக் வாரன் 1980இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சேடல்பேக் சபை, நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. 2022இல் அவர் ஓய்வு பெற்றார். பெண்களுக்குப் போதகர் பொறுப்பு கொடுத்ததற்காக சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 2023இல் அந்தச் சபையை வெளியேற்றியது. ஆனாலும் கட்டடமும் மக்களும் போதகரும் அப்படியே இருந்தனர்.

அதே சுதந்திரத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பாலியல் குற்றங்கள் குறித்து 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கையைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்கள் முறையிட்டபோது, சபைகள் சுதந்திரமானவை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கன்வென்ஷன் தலைமை ஒதுங்கியது. 700க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட பட்டியலோ உள்ளேயே கிடந்தது. மேலே கேட்க ஆளில்லாத இடத்தில், உறுப்பினர்களும் கேட்கவில்லை என்றால் யாருமே கேட்கவில்லை.

நம் ஊரில் உறுப்பினர்கள் கேட்பார்களா? இங்கேதான் தோட்டத்து வரலாறு குறுக்கே வருகிறது. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் லயன் வீடு வேலையோடு ஒட்டியது. துரையிடமோ தண்டலிடமோ எதிர்க்கேள்வி கேட்டால் வேலை போகும். வேலை போனால் கூரையும் போகும். ரப்பர் போய் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதி வந்தது, மக்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டத்தில் கோயில், பள்ளி, பக்கத்து வீடு என்றிருந்த உறவு அறுந்துபோனது. சபை அந்த இடத்தை நிரப்பியது. சபை வளர்ச்சியில் மனமாற்றத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்த இடமாற்றத்துக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கணிப்பு. ஆனால் வாய் திறக்காத பழக்கமும் கூடவே வந்தது. துரை இருந்த இடத்தில் பாஸ்டரை வைத்துவிட்டோம். அவர் கேட்காமலே.

சங்கமாகப் பதிந்த சபைகளுக்கு 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம் பொருந்தும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கறிக்கையோடு பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். கோயில் நிர்வாகங்களுக்கும் இதே விதிதான். கோயில் சண்டை பத்திரிகைக்கு வருகிறது, சபைச் சண்டை வருவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

ஆகவே நல்ல போதகர் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. கணக்கறிக்கை கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, தமிழில், கையில் கிடைக்க வேண்டும். பொருளாளர் போதகரின் குடும்பத்தினராக இருக்கக் கூடாது. கடைவீடு வாங்கக் கடன் எடுக்கும் தீர்மானம் என்றால் கைதூக்கச் சொல்லாமல் சீட்டு கொடுக்க வேண்டும். நாற்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டி, பாஸ்டர் முன்னால் அமர்ந்திருக்கும்போது கையைத் தூக்காமல் இருக்க மாட்டார். சீட்டில் என்ன எழுதுவார் என்பது வேறு.