காதில் வைக்கும் தீ

ஒருவன் காதில் தீயை வைத்து, அதற்குக் கூலியையும் அவனிடமே வாங்கிக்கொள்ளும் வியாபாரம் ஒன்று உலகில் நடந்து வருகிறது என்றால் நமது நேயர்களிற் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அஃது உண்மையே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டுகளாகப் பரவியிருக்கும் இவ்வியாபாரம், இப்போது இணையக் கடைகளின் மூலமாகவும் நகரங்களிலுள்ள அழகு நிலையங்களின் மூலமாகவும் நமது தேசத்திலும் நுழைந்துவிட்டது. ஆகவே இதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

தேன்மெழுகிலோ பாரபின் மெழுகிலோ தோய்த்த துணியைக் குழல்போற் சுருட்டி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, குழலின் சிறு நுனியைக் காதிற் செருகி, மறு நுனியைக் கொளுத்துகிறார்கள். குழல் எரியும்போது உள்ளே ஓர் உறிஞ்சு சக்தி உண்டாகிக் காதிலுள்ள குறும்பியையெல்லாம் இழுத்துவிடும் என்பது இவர்களது கக்ஷி. எரிந்து மிஞ்சிய அடிக்கட்டையைப் பிளந்து, அதனுள் படிந்திருக்கும் மஞ்சள் நிறப் பொருளைக் காட்டி, "இவ்வளவும் உமது காதிலிருந்து வந்தது" என்று சாக்ஷியமும் ஆஜர் செய்கிறார்கள். கொடுத்த பணத்திற்குக் கண்ணெதிரே பலன் கண்டதாக எண்ணி நோயாளியும் திருப்தியுடன் வீடு திரும்புகிறான்.

இந்தச் சாக்ஷியை நாம் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர் இம்முறையைப் பரிசோதித்துத் தாங்கள் கண்ட முடிவுகளை ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். காதின் துவாரத்தைப்போல் அமைத்த கருவியில் வர்த்தியை எரித்து அளந்து பார்த்ததில், உறிஞ்சு சக்தி என்பதே அங்கு உண்டாகவில்லை. மனிதர் காதில் வைத்து எரித்தபோது குறும்பி சிறிதும் வெளிவரவில்லை. மாறாக, சுத்தமாயிருந்த காதிலும் வர்த்தியின் மெழுகு போய்ப் படிந்தது. அடிக்கட்டையிற் படிந்த பொருளை ரஸாயன முறையில் ஆராய்ந்ததில், அது மெழுகுவர்த்தியின் மெழுகே என்று தெரிந்தது. சாக்ஷி சொன்னது முழுப்பொய் என்பது இவ்வாறு ருசுவாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பொன்றுமில்லை. குறும்பி பிசுபிசுப்புள்ளது, தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதைப் பெயர்த்து இழுக்கத்தக்க வேகத்தில் ஒரு குழல் உறிஞ்சுமானால், அவ்வேகத்தில் செவிப்பறையே கிழிந்துபோகும்.

பலனில்லாவிட்டாலும் கெடுதியில்லையே என்று சிலர் கூறலாம். அக்கூற்றும் நில்லாது. மேற்சொன்ன வைத்தியர்கள் 122 காது வைத்திய நிபுணர்களை விசாரித்தபோது, இவ்வர்த்தியால் நேர்ந்த 21 காயங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 13 தீப்புண்கள். ஏழில் உருகிய மெழுகு வழிந்து காதை அடைத்திருந்தது. ஒன்றில் செவிப்பறையே துளைபட்டிருந்தது. முகத்திற்கு மேலும் தலைமயிருக்கு அருகிலும் தீயை எரியவிடுவோர் இவற்றைத் தவிர வேறெதனை எதிர்பார்க்க முடியும்? அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகா 2010-ஆம் ஆண்டில் இவ்வர்த்தி வியாபாரிகள் பலருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பிற்று. கனடா தேசத்துச் சுகாதார இலாகாவும் இதனால் வைத்தியப் பலன் இல்லையென்று தன் ஜனங்களுக்கு அறிவித்திருக்கிறது.

இதில் நமக்கு விசேஷமாக வருத்தந் தருவது மற்றொன்று. அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் ஹோப்பி என்னும் ஆதிக்குடிகள் வாழ்கின்றனர். ஐரோப்பியக் கம்பெனியொன்று இவ்வர்த்தியை அந்த ஜாதியாரின் புராதன வைத்தியமென்று சொல்லி விற்றது. இது தங்கள் வழக்கமன்று, ஒருகாலும் இருந்ததில்லை என்று ஹோப்பி ஜனங்களே மறுத்துத் தங்கள் பெயரை எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார்கள். ஒரு சிறு ஜன சமூகத்தின் பெயரையே சரக்காக்கி விற்பதைவிட இழிவான வியாபாரம் வேறுண்டோ? நாளை இதே வர்த்தி நமது சித்தர்களின் பெயராலும் விற்கப்படலாம். "பழமை", "பாரம்பரியம்" என்ற முத்திரை குத்தி எது வந்தாலும் கைநீட்டி வாங்கிக்கொள்வது தேசாபிமானமாகாது.

அந்நியரை மட்டும் கண்டித்து நிறுத்துவதும் நியாயமன்று. தலையூசி, ஊக்கு, தீக்குச்சி, சாவி, பேனா மூடி ஆகிய இவற்றில் ஒன்றையேனும் காதில் விட்டுக் குடையாதவர் நம்மில் எத்தனை பேர்? தெருவோரத்தில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவனிடம் காதைக் கொடுப்பவர்களும் உண்டு. பஞ்சு சுற்றிய குச்சியை உபயோகிப்பவர்கள் தாங்கள் நாகரிகமாகச் சுத்தம் செய்வதாக நினைக்கிறார்கள். அக்குச்சி குறும்பியைப் பின்னும் உள்ளே தள்ளி இறுக்குகிறதேயன்றி எடுப்பதில்லை. பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக் குச்சிகளை 2022-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் நமது சர்க்கார் தடை செய்தது. அது குப்பையைக் குறைக்கச் செய்த காரியம். காதைக் காக்கும் காரியம் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

முதலில் அறியவேண்டியது, குறும்பி அழுக்கன்று என்பதே. அது தோலை வறளாமற் காக்கிறது. தூசியைப் பிடித்து வைக்கிறது. கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. செவிப்பறையிலிருந்து துவாரத்தின் வாய்வரையில் தோல் மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்குத் துணை செய்கிறது. பழைய குறும்பி இவ்வாறு தானே வெளியில் வந்து உதிர்ந்துவிடும். காதின் வெளிமடலை ஈரத்துணியால் துடைப்பதற்குமேல் பெரும்பாலோர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

சிலருக்குக் குறும்பி கட்டிப்பட்டுக் காது மந்தமாகும். அடைப்பும் இரைச்சலும் தோன்றும். அவர்கள் சுத்தமான ஆலிவ் எண்ணெயையோ, மருந்துக் கடையில் கிடைக்கும் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தையோ சில நாட்கள் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பார்க்கலாம். எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றுவது கொடிய தவறு. காதில் சீழ், இரத்தம், வலி உள்ளவர்களும், செவிப்பறையில் துளையுள்ளவர்களும், காதில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் ஒரு சொட்டும் விடலாகாது. சொட்டு மருந்துக்கு இளகாததை வைத்தியர் உடற்சூடுள்ள நீரைப் பீச்சியோ, நுண்ணிய உறிஞ்சு கருவியாலோ, கண்ணாற் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவார். நீரிழிவு உள்ளவர்கள் தாமாகக் காதில் நீர் பீச்சிக்கொள்வது ஆபத்து. கேட்கும் கருவி அணிவோர் அவ்வப்போது காதைக் காட்டிக்கொள்வது நலம். திடீரென்று ஒரு காது கேளாமற்போனால், அது குறும்பிதான் என்று எண்ணி நாளைக் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் ஓடவேண்டும். அங்கே தாமதம் நிரந்தரச் செவிடாக முடியலாம்.

சர்க்காரின் கடமையும் ஒன்றிருக்கிறது. செவிட்டைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. மெழுகுவர்த்தி மருந்தாகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். அவ்வாதத்திற்கு இடம் வைக்காமல், பொய் விளம்பரம் எதுவாயினும் விளம்பரம் செய்தவர்மீது 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஏட்டிலுள்ள அதிகாரம் செயலில் வரவேண்டும். இணையக் கடைக்காரர்களும் தாம் இடங்கொடுத்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

பொது வாழ்வில் ஈடுபட்ட நமது நேயர்கள் தங்கள் வீட்டிலும் சங்கத்திலும் இச்செய்தியைச் சொல்வார்களாக. வர்த்தியின் விலை சில நூறு ரூபாய்தான். செவிப்பறைக்கு விலையில்லை, அதை விற்கும் கடையுமில்லை.