தீர்வை இல்லை என்றால் மலிவு என்று அர்த்தமில்லை

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நமது வர்த்தக சகோதரர்கள் பலருக்கு நினைவு வருவது கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைகள்தான். "அங்கே எல்லாம் மலிவு" என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போய்விட்டது. பிலிமத்தலாவையில் கடைக்கு ஒரு சாமான் எடுப்பதற்குக் கண்டியில் நான்கு இடத்தில் விலை கேட்கும் நாம், அங்கே மட்டும் கணக்குப் பார்க்காமல் டொலரை நீட்டுகிறோம்.

இவ்வகைக் கடை முதலில் தொடங்கியது 1947இல், அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில். நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட்ட பயணி வாங்கும் பொருளுக்கு அந்நாட்டு வரி வேண்டாம் என்பதே அதன் அடிப்படை. மலிவாக விற்க வேண்டும் என்பதல்ல. வரி கழிந்தாலும் விமான நிலைய வாடகையும் கடைக்காரரின் இலாபமும் விலையில் ஏறும். வரி அதிகமுள்ள மதுபானம், சிகரெட்டில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அவை நமக்குத் தேவையில்லை. மீதமிருப்பது சொக்லட், வாசனைத் திரவியம், தேயிலை.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். நமது மலையில் விளைந்ததற்கு ஏது இறக்குமதித் தீர்வை? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது உண்மைதான். அதையும் சேர்த்தே ஊர்க் கடை விலையை எழுதி வையுங்கள். விமான நிலையத்தின் டொலர் விலையை ரூபாவாக்கி அதனருகில் வையுங்கள். எது இலாபம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனது மருமகன் ஒருவர் கொள்முதலுக்காகச் சீனா போகும்போது, அங்குள்ள வியாபாரிக்கு அன்பளிப்பாகப் பெரிய வாசனைத் திரவியப் போத்தல் இரண்டு வாங்கினார். விமானத்தில் ஆசைப்பட்டு முத்திரையிட்ட பையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். வழியில் விமானம் மாறும் இடத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். 2006இல் இலண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு, கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல்களுக்குப் பல நாடுகள் தடை விதித்தன. தீர்வையற்ற கடையில் வாங்கியதானால் பையின் முத்திரை உடையாமலும் பற்றுச்சீட்டோடும் இருக்க வேண்டும். "மாமா, காசும் போச்சு, வெறுங்கையோடுதான் அவரைப் பார்த்தேன்" என்றார்.

"நம்மூர் வீதியோரக் கடையில் ஒரு பித்தளை விளக்கு வாங்கிப் பெரிய பெட்டியில் வைத்திருந்தால் அவர் காலமெல்லாம் மேசையில் வைத்திருப்பாரே" என்றேன்.

இன்னொன்றும் உண்டு. இங்கே தீர்வையின்றி வாங்கிய பொருளுக்கு, இறங்கும் நாட்டிலும் தீர்வை இல்லை என்றாகாது. அந்நாடு அனுமதிக்கும் அளவை மீறினால் அங்கே கட்டத்தான் வேண்டும்.

2022இல் டொலருக்காக நாம் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. கொள்முதலுக்குக் கொண்டுபோகும் டொலர் நமது முதல். சரக்கைக் கண்ணால் காணும் முன்பே அதில் ஒரு பகுதியைக் கரைப்பது வியாபாரிக்கு அழகல்ல. பயணத்துக்கு முதல் நாள் ஊர் விலையை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கடையில் செய்யும் கணக்கை விமான நிலையத்திலும் செய்யுங்கள்.