துண்டு எந்தச் சட்டத்தில் அடங்கும்?

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவின் ஏரிக்கரைக் கழனிகளில் உழவரின் துண்டு வெயிலுக்குத் தலைப்பாகை, சுமைக்குச் சும்மாடு, வியர்வைக்குக் கைக்குட்டை, சந்தையில் மூட்டை. பயனறிந்து தேர்ந்த உடை என்றால் இதுதான். நகர வாயிலில் மட்டும் இது அநாகரிகம் ஆகிவிடுகிறது. நகரத்தின் பெயரிலிருந்தே பிறந்த ‘நாகரிகம்’ என்னும் சொல் வேறு எதைச் சொல்லும்?

2014 ஜூலையில் வேட்டி உடுத்திச் சென்ற நீதியரசர் அரிபரந்தாமன் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் தடுக்கப்பட்டார். மறுமாதமே தமிழகச் சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அது காப்பது பண்பாட்டு வேட்டியையும் மரபுடையையும். உழைப்பின் உடையை அன்று.

2024 பிப்ரவரியில் பெங்களூரு இராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், பயணச்சீட்டோடும் தலைமூட்டையோடும் வந்த உழவரை நிறுத்தியது மரபல்ல, ‘அழுக்கு’. மேற்பார்வையாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார், அளவுகோல் நீக்கப்படவில்லை. அதனால்தான் ஜூலையில் மாகடிச் சாலை வணிக வளாகம் வேட்டி கட்டிய முதியவரைத் தடுத்தது; அரசு அதனை 7 நாள் மூட நேர்ந்தது.

இந்த அளவுகோலைக் காவலர்கள் கண்டுபிடிக்கவில்லை. ‘முறையான உடையில் வருக’ என அழைப்பிதழில் அச்சிட்டு, கோடையிலும் கோட்டணிந்து உழவர் வாழ்வியல் குறித்துக் கட்டுரை வாசிக்கும் கல்விப்புலமும் அதையே கற்பிக்கிறது. உடையைப் பண்பாட்டின் சான்றாக மட்டும் மதிப்பவர்கள் உழைப்பவரை மதிப்பதில்லை. முதலில் அழைப்பிதழின் அந்த வரியை அடியுங்கள். உழவரைப் பற்றிப் பிறகு பேசலாம்.