சுதந்திர தினமும் நூதனசாலையும் நாமும்

அண்மையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் நான் ஒரு யோசனையை முன்வைத்தேன். பெப்ரவரி 4 ஆம் திகதி இராணுவ அணிவகுப்போடு முடிந்துவிடக் கூடாது. அன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் குடும்பங்களுக்கு இலவசமாக ஒரு விழா எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கதையும் சித்திரமும் மும்மொழிகளிலும் வேண்டும். இதைக் கேட்பதில் முஸ்லிம் எழுத்தாளர்கள் முன்னிற்க வேண்டும் என்றேன்.

நண்பரொருவர் கொதித்தெழுந்தார். "2020 இல எங்கட ஜனாஸாக்கள எரிச்சாங்க. அந்த நாட்டுட கொடிய புள்ளட கையில குடுக்கச் சொல்றீங்களா? அது அவங்கட விழா" என்றார். சபை கைதட்டியது.

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "அவங்கட விழா" என்ற முடிவை மறுக்கிறேன்.

ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது அந்த நூதனசாலை. அதைக் கட்டியெழுப்பிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடிவைக்குமாறு அவர் கேட்டாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால், நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது என்பது உண்மை. இந்தக் கதையை மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறோம்?

உள்ளே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல் 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேராலும் காணிக்கைகளைச் சொல்லும் ஒரே கல். அதில் மிகவும் தேய்ந்துபோனது பாரசீகப் பகுதிதான். நாம் போய் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் கல்.

எம்மவரில் இரு சாரார் உள்ளனர். ஒரு சாரார் பெப்ரவரி வந்ததும் எல்லோருக்கும் முன்பாகக் கொடியேற்றிப் படம் பிடிப்பர். "எங்களைச் சந்தேகிக்காதீர்கள்" என்பதே அதன் பொருள். மறுசாரார் விலகி நிற்பர். இரு சாராரும் ஒன்றையே ஒப்புக்கொள்கின்றனர்: வீடு பிறருடையது, நாம் விருந்தாளிகள். நான் பிள்ளையை அங்கே கூட்டிப்போகச் சொல்வது விசுவாசத்தை நிரூபிக்க அல்ல. சொந்த வீட்டுக்குப் போக எவரும் நற்சான்றிதழ் எடுத்துச் செல்வதில்லை.

விழா எடுப்போருக்கும் ஒரு வார்த்தை. 2016 இல் தேசிய சுதந்திர தின வைபவத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 இல் தமிழ் கைவிடப்பட்டது. நுழைவை இலவசமாக்கி, மொழியை மறுத்தால் அது குடும்ப விழாவாகாது. எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதும் இந்நாட்டின் வரலாறே. நாளைய நூதனசாலையில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். அதைக் கேட்கவும் நாம் உள்ளே இருக்க வேண்டும்.

என் நண்பர் வாசலில் நின்று கோபிக்கட்டும். அது அவரது உரிமை. ஆனால் அவரது பிள்ளையை என்னோடு அனுப்பட்டும். அந்தக் கல்லைக் காட்டி "இது யாருட?" என்று பிள்ளை கேட்டால், "எங்கடயும்தான் மகன்" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.