ஒரு சொல்லும் ஒரு சபையும்

அடிமைத்தளையை அறுத்தெறிந்த மக்கள், பிறரது உரிமையையும் தமது உரிமைபோலவே போற்றுவர் என்று நாம் எண்ணுவது இயல்பு. சரித்திரமோ எப்போதும் அவ்வாறு சொல்லவில்லை.

1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரை நம் நேயர்கள் அறிவார்கள். அவர்கள் ஸ்பெயின் அரசனோடு 80 ஆண்டுகள் போராடி, 1648-இல் பூரண விடுதலை பெற்றவர்கள். அப்போரில் மத சுதந்திரமும் ஒரு முக்கிய காரணம். அவர்களுடைய மேற்கிந்தியக் கம்பெனியார் அமெரிக்காவில் ஆண்டுவந்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் பட்டினமே பிற்காலத்து நியூயார்க்.

அங்கே கால்வின் கொள்கையைத் தழுவிய சீர்திருத்த சபைக்கு மாத்திரமே பகிரங்க வழிபாட்டுக்கு இடமிருந்தது. அந்நகரில் குடியேறியிருந்த லூத்தரன் மார்க்கத்தார், 1649-இல், ஆம்ஸ்டர்டாமிலிருந்த தம் சபையாரிடம் ஒரு போதகரை வேண்டி எழுதினார்கள். 1653-இல் கவர்னர் ஸ்டைவஸண்டிடமும் விண்ணப்பித்தார்கள். சீர்திருத்த சபைப் போதகர்கள் எதிர்க்கவே, அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டது.

ஆலயமில்லாதவர்கள் வீடுகளில் கூடினார்கள். 1656-ஆம் வருஷத்துச் சட்டம் அதையும் தடுத்தது. அனுமதியின்றி நடக்கும் கூட்டத்தில் போதிப்பவருக்கு 100 பவுன் அபராதம். கேட்க வந்தவருக்கு 25 பவுன். சிலர் சிறையும் புகுந்தனர். தம்தம் வீட்டில் அமைதியாக வழிபடுவோரைத் தொந்தரவு செய்யலாகாதென்று கம்பெனி டைரக்டர்களே கவர்னரைக் கண்டிக்க நேர்ந்தது.

இவற்றினும் பெற்றோரை வருத்தியது குழந்தைகளின் ஞானஸ்நானம். 'இங்கே' இச்சபையில் போதிக்கப்படும் கொள்கையே சரியென்று தாய் தந்தையர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 'இங்கே' என்ற சொல்லை உச்சரித்தால் மனச்சாட்சிக்கு விரோதம்; உச்சரியாவிட்டால் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. அச்சொல் இல்லாத பழைய வாசகத்தையே கொள்ளலாமென்று டைரக்டர்கள் யோசனை கூறும் அளவுக்கு இவ்வழக்கு கடல் கடந்து சென்றது.

1657-இல் ஆம்ஸ்டர்டாம் சபையார் அனுப்பிய குட்வாஸர் என்னும் போதகர் வந்து சேர்ந்தார். பிரசங்கம் செய்யலாகாதென்று அவரைத் தடுத்து, ஊரைவிட்டுப் போகவும் கட்டளையிட்டனர். சிறிது காலம் லாங் தீவில் ஒரு பண்ணையில் மறைந்திருந்தும் பயனில்லை; 1659-இல் அவர் திருப்பி அனுப்பப்பட்டார்.

1664-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே லூத்தரன் சபைக்கு அனுமதி கிடைத்தது. போதகர் வந்ததோ 1669-இல்தான். பின்னர் நகரின் மதிலுக்கு வெளியே ஓர் ஆலயம் எழுந்தது. 1673-இல் ஒல்லாந்தர் நகரை மீட்டபோது, கோட்டைப் பாதுகாப்புக்கு இடையூறென்று அதனை இடித்து, மதிலுக்குள் வேறு மனை தந்தனர். சபை கலையவில்லை. 1703-இல் பிலடெல்பியாவுக்கு அருகே ஸ்வீடன் தேசத்துப் போதகர்களால் அபிஷேகம் பெற்ற யூஸ்டஸ் பால்க்னர், சுமார் 20 ஆண்டுகள் நியூயார்க்கையும் சுற்றுப்புறச் சபைகளையும் பேணினார்.

அனுமதிச் சீட்டு கிடைத்த நாளை அச்சபையின் பிறந்தநாளாகக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லுக்காகப் பெற்றோர் தயங்கி நின்ற நாளிலேயே அது பிறந்துவிட்டது. சுதந்திரம் பெற்றுவிட்ட நாம் இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. நம் தெருவில் நம்மினும் சிறு தொகையினராக வாழ்வோர், தம் மனம் ஒப்பாத சொல்லை நம் பொருட்டுச் சொல்லவேண்டிய நிலையில் இருக்கிறார்களா? அப்படியிருந்தால், நாம் பெற்ற விடுதலை இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறது.